சைலன்சர் ரப்பர்: பழைய காரில் வீட்டிலேயே மாற்றுவது

சைலன்சர் ரப்பர் என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் பொருள் உள்ளங்கையில் அடங்கிவிடும். கெட்டியான கறுப்பு ரப்பர், அதில் இரண்டு துளைகள். மேல் துளையில் காரின் அடித்தளத்திலிருந்து நீளும் கம்பி நுழையும். கீழ்த் துளையில் புகைக்குழாயோடு வெல்டு வைத்த கம்பி நுழையும். போல்ட் கிடையாது, நட்டு கிடையாது. எஞ்சினில் தொடங்கிப் பின் பம்பர்வரை ஓடும் குழாயும் வழியில் இருக்கும் பெட்டிகளும் இப்படிப்பட்ட சில ரப்பர் துண்டுகளை நம்பித்தான் காரின் அடியில் தொங்குகின்றன. சில கடைகளில் ஹேங்கர் ரப்பர் என்பார்கள், சில ஊர்களில் சைலன்சர் புஷ். சைலன்சர் என்ற சொல்லே கண்டிப்பாகப் பார்த்தால் சத்தத்தை அடக்கும் பெட்டியை மட்டும்தான் குறிக்கும். ஆனால் பேச்சில் குழாய், பெட்டி, வால்முனை எல்லாம் சேர்ந்து சைலன்சர்தான். இங்கேயும் அப்படியே.

தொங்கவிடுவானேன், போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். இறுக்கினால் இரண்டு தொல்லைகள். முதலாவது எஞ்சினின் ஆட்டம். எஞ்சினே ரப்பர் மவுண்டுகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கிளட்சை விடும்போதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் அது தன் இடத்திலேயே புரண்டு கொடுக்கும். அம்பாசடர் போல எஞ்சின் நீளவாக்கில் இருக்கும் வண்டியில் அந்தப் புரளல் இடமும் வலமுமாக இருக்கும். மாருதி 800 போல எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும் முன்சக்கர இயக்க வண்டியில் முன்னும் பின்னுமாக இருக்கும். எஞ்சினோடு பூட்டிய குழாயின் முன்முனை அதே ஆட்டத்தை ஆடியாக வேண்டும். பின்முனை இறுகிக் கிடந்தால் நடுவில் எங்காவது ஒரு வெல்டு விட்டுக்கொடுக்கும்.

இரண்டாவது தொல்லை சூடு. ஒரு மீட்டர் இரும்புக் குழாய் 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். இரண்டரை மீட்டர் நீளமுள்ள குழாய் சராசரியாக 250 டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொண்டால் ஏழரை மில்லிமீட்டர் நீள்கிறது. வண்டியை நிறுத்திய பிறகு அடியிலிருந்து 'டிக்... டிக்...' என்று கேட்பது குழாய் பழைய அளவுக்குச் சுருங்கும் ஓசை. ஒவ்வொரு பயணத்திலும் நீண்டு சுருங்கும் பொருளை இரு முனையிலும் பூட்டிவைக்க முடியாது. ஆக, ரப்பரின் வேலை சைலன்சரைக் கட்டிப்போடுவது அல்ல, அதை ஆடவிடுவது. எவ்வளவு ஆடலாம், எந்தப் பக்கம் ஆடலாம் என்பதற்கு எல்லை வைத்து ஆடவிடுவது. மாற்றும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

இத்தனை சின்னப் பொருள் ஏன் தேய்கிறது? சூடு ஒரு காரணம், ஆட்டம் ஒரு காரணம். அதிகம் பேசப்படாத மூன்றாவது காரணம் ஓசோன். தரைமட்டக் காற்றில் 10 கோடியில் சில பங்குதான் அது இருக்கும். இயற்கை ரப்பரைப் பிளக்க அதுவே போதும். இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உண்டு. ஓசோன் அங்கே போய் வெட்டும். அதுவும் ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால்தான் வெடிப்பு திறக்கும், இழுவிசைக்குக் குறுக்காகத் திறக்கும். கடையில் தொங்கும் ரப்பர் பல ஆண்டு நன்றாக இருப்பதும், பாரம் சுமக்கும் ரப்பரில் குறுக்குக் கோடுகள் விழுவதும் இதனால்தான். இன்று நல்ல தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை, ஆகவே ஓசோன் அதை எளிதில் தொடாது. சூடும் 120 டிகிரிக்கு மேல்வரை தாங்கும். இயற்கை ரப்பருக்கு 80 டிகிரியைத் தாண்டினாலே ஆயுள் குறையத் தொடங்கும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் பால்வடியும் ரப்பருக்கு டயரில் பெரிய இடம் உண்டு, சைலன்சருக்கு அடியில் இல்லை.

ஈ.பி.டி.எம். ரப்பருக்கும் ஒரு பலவீனம் உண்டு. பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் பட்டால் அது ஊறி வீங்கும், பிறகு நொய்ந்துபோகும். எஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ கசியும் பழைய வண்டிகளில் முன்பக்க ரப்பர் மட்டும் சீக்கிரம் போய்விடுவதற்கு இது ஒரு காரணம். மாற்றும் வேலையின்போதும் இந்தக் குணத்தை நினைவில் வைக்க வேண்டியிருக்கும்.

பழைய கார் என்றால் நம் தெருக்களில் முதலில் கண்ணில் படுவது மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டியின் சாவி கைமாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சிசி கொள்ளளவு, மூன்று சிலிண்டர். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஐடிலிங்கில் நடுங்கும் சுபாவம் உண்டு. அந்த நடுக்கம் முழுவதும் குழாய் வழியே பின்னால் வந்து ரப்பரில்தான் அடங்க வேண்டும். கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. பெரும்பாலானவற்றுக்கு இருபதுக்கும் மேல். அவற்றில் பாதியிலாவது ரப்பர் இருக்கவேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி இருக்கும் என்று தயங்காமல் பந்தயம் கட்டலாம். கீழே சொல்லப்படும் வேலைமுறை இந்த வண்டியை மனதில் வைத்து எழுதியது. ஆல்டோ, ஜென், சான்ட்ரோ போன்ற சிறிய கார்களுக்கும் சிறுசிறு மாற்றங்களோடு பொருந்தும்.

ரப்பர் போனதைக் காது முதலில் சொல்லும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் 'டொக்' என்று ஓர் இடி கேட்டால் பெட்டி தொங்கிப்போய் அடித்தளத்திலோ பின் ஆக்சிலிலோ மோதுகிறது. சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்தாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான் வரும் என்பதால் பலர் முதலில் ஷாக் அப்சார்பரை மாற்றிவிட்டு, சத்தம் போகாமல், பிறகுதான் சைலன்சருக்கு வருவார்கள். வண்டி நிற்கும்போதே எஞ்சின் ஓட்டத்தில் 'கிர்ர்' என்று தகரம் அதிர்ந்தால் அது பெரும்பாலும் ரப்பர் அல்ல. குழாய்க்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். பெட்டியைக் கையால் தட்டும்போது உள்ளே ஏதோ உருளும் சத்தம் வந்தால் உட்தடுப்பு உடைந்திருக்கிறது, பெட்டியையே மாற்ற வேண்டும். இன்னோர் அடையாளம் கண்ணுக்கே தெரியும்: பின்னால் நின்று பார்த்தால் வால்முனை ஒருபக்கமாகச் சாய்ந்தோ வழக்கத்தைவிடத் தாழ்ந்தோ இருக்கும்.

சத்தம்தானே என்று விட்டுவைப்பது நல்லதல்ல. ஒரு ரப்பர் அறுந்தால் அதன் பாரம் பக்கத்து ரப்பருக்குப் போகும். அதுவும் அறுந்தால் முன்பக்க இணைப்புக்குப் போகும். அங்கே இருக்கும் கேஸ்கெட் கசியத் தொடங்கும், அல்லது மெனிபோல்டுக்கு அருகே குழாயில் விரிசல் விழும். நெளிகுழாய் உள்ள வண்டியில் முதலில் கிழிவது அந்த நெளிகுழாய்தான். எஞ்சினுக்கு அருகே கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. மணமோ நிறமோ இல்லாத வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் எளிதாகப் பிணைந்துகொள்ளும். அடித்தளத்தில் துருத்துளை உள்ள பழைய வண்டியில் அது உள்ளே வர வழி தேட வேண்டியதில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டு நிறுத்திவைத்த வண்டியில் தூங்குவது எந்தக் காரிலும் ஆபத்து, கசியும் சைலன்சருள்ள காரில் இரட்டிப்பு ஆபத்து. ஒரு ரப்பரின் விலை சைலன்சர் விலையில் சிறு பங்குதான் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

வழியில் அறுந்துவிட்டால் என்ன செய்வது? கட்டுக்கம்பிதான். அதை ஏளனம் செய்யத் தேவையில்லை. வீடு வரும்வரை அதைவிட நல்ல மருந்து கிடையாது. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே தளர்வாக இரண்டு சுற்றுச் சுற்றி, சைலன்சர் தரையில் இழுபடாமல் இருந்தால் போதும், முறுக்கி இறுக்கக் கூடாது. பிளாஸ்டிக் டை போட்டால் சூட்டில் உருகி அடுத்த ஊருக்குள் விழுந்துவிடும். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டுவதும் சில நாள் கதைதான். தவறு கம்பியில் இல்லை, மறுநாள் சத்தம் நின்றுவிட்டதே என்று அதை அப்படியே விட்டுவிடுவதில் இருக்கிறது. இறுகக் கட்டிய கம்பி நடுக்கம் முழுவதையும் வண்டியின் உடலுக்குக் கடத்தும், ஸ்டியரிங்கில் கூசும். சில மாதத்தில் கம்பி நன்றாகவே இருக்கும், பெட்டியின் வெல்டு பிய்ந்துவிடும்.

ரப்பர் வாங்கப் போவதற்கு முன்பு பழையதைக் கழற்றி எடுத்துப்போவது நல்லது. வண்டியை ஓட்டிக்கொண்டுதான் கடைக்குப் போகவேண்டும் என்றால் அளவுகளையாவது குறித்துக்கொள்ள வேண்டும்: இரு துளைகளுக்கும் இடையே உள்ள தூரம், துளையின் விட்டம், ரப்பரின் தடிமன். கம்பிகள் பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும். மாடலின் பெயர் மட்டும் போதாது, ஆண்டையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. கார்பரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தபோதும் சேர்த்து, ஒரே பெயருள்ள காரில் குழாயின் அமைப்பு சில முறை மாறியிருக்கிறது. சென்னையில் புது ஸ்பேருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையதற்குப் புதுப்பேட்டை என்று ஒரு வழக்கம் உண்டு. இந்த ஒரு பொருளுக்கு மட்டும் புதுப்பேட்டைக்குப் போக வேண்டாம். பழைய வண்டியிலிருந்து கழற்றிய ரப்பர் என்பது வேறொருவர் காலி செய்த ஆயுள்.

கடையில் கையில் வாங்கியதும் ரப்பரை வளைத்துப் பார்க்கலாம். வளைத்த இடத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் நீண்ட நாள் கிடந்த சரக்கு. சிலவற்றில் நடுவே இரும்புப் பட்டை ஒன்று சுற்றியிருக்கும். ரப்பர் அறுந்தாலும் பெட்டி ரோட்டில் விழாமல் இருக்க அது ஒரு காப்பு. பழையதில் அது இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். பாலியூரித்தேன் ரப்பர் ஆயுள் அதிகம் என்று சொல்லி விற்பார்கள். ஆயுள் அதிகம்தான், விறைப்பும் அதிகம். ஐடிலிங்கில் நடுங்கும் மூன்று சிலிண்டர் வண்டிக்கு அது ஏற்றதல்ல. ஒன்று அறுந்திருந்தாலும் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவதே சரி. எல்லாம் ஒரே வயது. ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் மற்றவை தொய்ந்துபோய்ப் பாரம் முழுவதும் அந்தப் புதியதில் விழும்.

வேலைக்குத் தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஜாக்கி ஒன்று, ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, சக்கரத்துக்கு அடைகொடுக்கக் கட்டைகள், பெட்டியைத் தாங்க இன்னொரு ஜாக்கியோ மரக்கட்டைகளோ, ஒரு பெரிய திருப்புளி, துரு இளக்கும் ஸ்பிரே, உப்புத்தாள், சோப்புத் தண்ணீர், கையுறை, கண்ணாடி. கடைசியில் சொன்ன கண்ணாடியை யாரும் போடுவதில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு துருப்பிடித்த இரும்பைத் தட்டும் வேலை இது, விழும் துரு நேராகக் கண்ணுக்குத்தான் வரும். சைலன்சர் ரப்பர் கழற்றுவதற்கென்றே ஒரு குறடு விற்கிறது. ஒரு தாடை கம்பியின் தலையை அழுத்தும்போது மற்றொன்று ரப்பரைத் தள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலைக்கு அது தேவையில்லை, இருந்தால் ஐந்து நிமிடம் மிச்சம்.

இனி வண்டியைத் தூக்குவது. இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து உள்ள பகுதி இது ஒன்றுதான். இடம் சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மண்தரையில் ஜாக்கி சாயும், வெயிலில் இளகிய தார் தரையில் ஸ்டாண்டின் கால் புதையும். ஓடி வந்த வண்டி என்றால் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறவிட வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கும்போது பலர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டோமே என்று தைரியமாக இருப்பார்கள். மாருதி 800 உட்படப் பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். அவை அந்தரத்தில் இருக்கும்போது அதனால் பயனில்லை. முன்சக்கர இயக்க வண்டியில் முதல் கியரைப் போட்டுவைத்தால் தரையிலிருக்கும் முன்சக்கரங்கள் எஞ்சினோடு பிணைந்து நிற்கும். அதோடு முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். பின்சக்கர இயக்க அம்பாசடரில் கியரும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும் என்பதால் அங்கே கட்டை ஒன்றே கதி.

வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி டயர் மாற்றத் தூக்குவதற்கு மட்டும். அதன் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ உடம்போ போகக் கூடாது. தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கி, பக்கவாட்டில் வண்டியை ஒருமுறை நன்றாக அசைத்துப் பார்த்த பிறகுதான் கீழே போகலாம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. அவை பாரத்தைத் தாங்குவதுபோல் தாங்கி, முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். கழற்றிய ஸ்டெப்னி டயரைப் படுக்கவைத்துச் சட்டத்துக்கு அடியில் தள்ளிவிடுவது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். ஸ்டாண்ட் வழுக்கினாலும் வண்டி டயரின் மேல்தான் உட்காரும். அருமையான பழக்கம்.

ஸ்டாண்டை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம். உடலின் கீழ் விளிம்பில் வைத்தால் பின் ஆக்சில் சஸ்பென்ஷன் அளவுக்குக் கீழே தொங்கிவிடும். அதன் மேலே வளைந்து போகும் குழாய்க்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளி அப்போது உண்மையான இடைவெளியாக இருக்காது. மாருதி 800 போலப் பின்னால் ஒரே தண்டாக ஆக்சில் உள்ள வண்டியில், பிரேக் குழாயை நசுக்காமல் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டை வைத்தால் எல்லாம் ரோட்டில் நிற்கும் நிலையிலேயே இருக்கும். வேலை செய்ய இடம் கொஞ்சம் குறையும், ஆனால் மாட்டி முடித்ததும் இடைவெளியை அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

அடியில் போனதும் முதலில் எதையும் கழற்றாமல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரப்பரும் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, கம்பிகள் நேர்நேராக இருக்கின்றனவா, குழாயில் பளபளவென்று தேய்ந்த இடம் எங்கே இருக்கிறது. தேய்ந்த இடம்தான் மோதிய இடம். கைபேசியில் இரண்டு படம் எடுத்துவைத்தால் பின்னால் சண்டை வராது. பெட்டியின் அடியில் ஒரு சிறு துளை தெரிந்தால் பதற வேண்டாம், பல பெட்டிகளில் அது தயாரிப்பிலேயே வைப்பது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் பெட்டி முழுதாகச் சூடேறுவதற்கு முன்பே எஞ்சின் நின்றுவிடும், ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கும். அது வடியத்தான் அந்தத் துளை. சைலன்சர் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்து துருப்பிடிப்பதே அதிகம்.

கழற்றும்போது ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்று. எல்லா ரப்பரையும் கழற்றிவிட்டு மாட்ட நினைத்தால் குழாயின் பாரம் முன் இணைப்பில் விழும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் அதன் வயரும் இழுபடும். முதலில் பெட்டிக்கு அடியில் ஜாக்கியை வைத்து, நடுவே பலகைத் துண்டு கொடுத்து, பாரம் மட்டும் ஏறும் அளவுக்குத் தூக்க வேண்டும். குழாய் மேலே எழும்பினால் அதிகம். பிறகு கம்பியின் தலைப்பக்கம் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துப் பத்து நிமிடம் விட வேண்டும். கம்பியின் முனை காளான் தலைபோலப் பருத்திருக்கும், ரப்பர் வழுக்கி வராமல் இருக்க. அந்தத் தலையைத் தாண்டுவதுதான் மல்லுக்கட்டு. ரப்பருக்கும் கம்பிக்கும் இடையே திருப்புளியை நுழைத்துச் சுற்றிவர நெம்பி, ஒட்டிய துருவைப் பிரித்துவிட்டு, ரப்பரைத் திருகிக்கொண்டே வெளியே தள்ள வேண்டும். நேராக இழுத்தால் வராது. எதற்கும் அசையவில்லை என்றால் கத்தியால் அறுத்துவிடலாம், எப்படியும் தூக்கிப்போடும் பொருள்தானே. அறுக்கும் கை தன்னை நோக்கி வராமல் இருக்கட்டும்.

ரப்பர் வந்ததும் கம்பியைப் பார்க்க வேண்டும், பழைய வண்டியில் பாதிச் சிக்கல் அங்கேதான். மேலாகப் படிந்த துரு என்றால் உப்புத்தாளால் தேய்த்து, சூடு தாங்கும் பெயின்ட் ஒரு கை அடித்துவிடலாம். கம்பி மெலிந்து பென்சில்போல் ஆகியிருந்தாலோ, வெல்டு விட்டிருந்தாலோ வீட்டு வேலை அத்தோடு நின்றது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் இது அரிதல்ல. வெல்டிங் கடைக்குப் போகும்போது பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொல்ல வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் கம்ப்யூட்டருக்கு வெல்டிங் மின்னோட்டம் ஆகாது. பின் பெட்டிக்குப் பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருப்பதை வெல்டருக்கு நினைவூட்டுவதும் தவறில்லை.

புதிய ரப்பரை மாட்டும்போது எண்ணெய், கிரீஸ், துரு ஸ்பிரே எதுவும் கூடாது. ஈ.பி.டி.எம். ரப்பருக்கு எண்ணெய் எதிரி என்று முன்பே பார்த்தோம். கழற்றும்போது அடித்த ஸ்பிரேயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீரே போதும், அது காய்ந்ததும் பிடி இறுகிவிடும். சிலிகான் ஸ்பிரேயும் ஆகும். ரப்பரை ஐந்து நிமிடம் வெந்நீரில் போட்டுவைத்தால் இளகி, கம்பித் தலையின் மேல் ஏறுவது பாதி எளிதாகும். முதலில் மேலே, வண்டியின் உடலில் உள்ள கம்பியில் மாட்ட வேண்டும். பிறகு ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ கீழ்க் கம்பியைத் துளைக்கு நேரே கொண்டுவர வேண்டும். கையால் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் ரப்பரைத் தள்ள நினைப்பது வீண் போராட்டம். காளான் தலை துளையைத் தாண்டி மறுபக்கம் முழுதாக வெளியே தெரிய வேண்டும். பாதியில் நின்றால் முதல் பள்ளத்திலேயே கழன்றுவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஜாக்கியை மெல்ல இறக்கிப் பெட்டியின் பாரத்தை ரப்பரில் விட வேண்டும். பெட்டியைக் கையால் நாலாபக்கமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். சற்று ஆடும், ஆடத்தான் வேண்டும். எங்கும் இரும்பு இரும்பைத் தொடக் கூடாது. அடித்தளத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் இருந்தால் நிம்மதி. குழாய் ஒருபக்கம் சாய்ந்தே நின்றால் ரப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை, முன் இணைப்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாயைத் திருப்பி நேராக்கி, மறுபடி இறுக்க வேண்டும்.

வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு, திறந்த வெளியில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். கார் ஷெட்டுக்குள்ளோ பள்ளத்தின் மேலோ இதைச் செய்யக் கூடாது. எஞ்சின் சூடேறாதபோதே தடித்த துணியை வால்முனையில் வைத்து ஒரு கணம் அடைத்தால், கசிவு உள்ள இடத்தில் 'புஸ்' என்ற சத்தம் கேட்கும். முதல் பத்து நிமிடம் எரியும் வாடையும் மெல்லிய புகையும் வரலாம். கையிலிருந்து குழாயில் ஒட்டிய எண்ணெயும் ஸ்பிரேயும் எரிவதுதான் அது. அரைமணி நேரம் ஓட்டி வந்து, குழாய் முழுதாக நீண்டிருக்கும் அந்தச் சூட்டில் குனிந்து இடைவெளியை மறுபடி பார்த்தால்தான் வேலை முடிந்தது. குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்த குழாய் சூட்டில் போய் பம்பரைத் தொடுவது உண்டு.

சில மாதத்திலேயே அதே ரப்பர் மறுபடி அறுந்தால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்பு எஞ்சின் மவுண்டைப் பார்க்க வேண்டும். மவுண்ட் உட்கார்ந்துபோன எஞ்சின் அளவுக்கு மீறிப் புரளும், அந்த ஆட்டத்தைக் குழாய் பின்னால் கடத்தும், பலவீனமான ரப்பர் பலியாகும். பானட்டைத் திறந்துவைத்து, ஹேண்ட்பிரேக்கையும் பிரேக்கையும் பிடித்தபடி ஒருவர் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, இன்னொருவர் வண்டிக்கு முன்னே நிற்காமல் பக்கத்தில் நின்று பார்த்தால் எஞ்சின் எழும்புவது கண்ணுக்குத் தெரியும். விரல் அளவுக்கு மேல் துள்ளினால் மவுண்டை மாற்றாமல் ரப்பரை மாற்றிக்கொண்டே இருப்பதில் பொருளில்லை.

தனியார் கார் 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆய்வுக்குப் போக வேண்டும், அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. கட்டுக்கம்பியில் தொங்கும் சைலன்சரோடு அங்கே போய் நிற்காதீர்கள். முதல்நாள் மாலை ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.